வானிலைக் கணிப்புக்கு எந்தச் செயற்கைக்கோளின் மண் ஈரம்?

நாளை பகலில் 39 டிகிரி என்று கணினி மாதிரி சொல்லி, நிஜத்தில் 42 அடித்தால் நாம் மேகத்தையும் காற்றையும்தான் சந்தேகப்படுவோம். பல நேரங்களில் கோளாறு தரைக்குக் கீழே இருக்கும். மாதிரி நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது; ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் மண் அடுக்குகள் உண்டு. ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையத்தின் மாதிரியில் அவை நான்கு: முதல் அடுக்கு 7 செ.மீ. வரை, அடுத்தது 28 செ.மீ. வரை, மூன்றாவது 1 மீட்டர் வரை, கடைசி அடுக்கு 2.89 மீட்டர் வரை. அவற்றில் நீர் இருந்தால் வெயிலின் ஆற்றல் அதை ஆவியாக்கப் போகிறது; இல்லாவிட்டால் காற்றைச் சூடாக்குகிறது.

எவ்வளவு ஆற்றல் என்று சும்மா ஒரு கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் 4 மி.மீ. நீர் ஆவியாகச் சுமார் ஒரு கோடி ஜூல் வேண்டும். அந்த நீர் இல்லையென்றால், அதே ஆற்றலைக் கொண்டு தரைக்கு மேல் 1 கி.மீ. உயரமுள்ள காற்றுத் தூணை ஏறத்தாழ 8 டிகிரி சூடாக்கலாம். நிஜத்தில் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், ஒரு பகுதி வெப்பக் கதிராகத் திரும்பிப் போகும். அப்படியும் மிஞ்சுவது பெரிய தொகைதான்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. 2004-இல் நாசா விஞ்ஞானி ராண்டல் காஸ்டர் தலைமையில் 12 கணினி மாதிரிகளை ஒப்பிட்டார்கள். மண் ஈரம் மழையை வலுவாகப் பாதிக்கும் இடங்களாக அமெரிக்காவின் நடுச் சமவெளி, ஆப்பிரிக்காவில் சகாராவின் தெற்கு விளிம்பான சாஹேல், இந்தியா ஆகியவை தெரிந்தன. 2007 ஆகஸ்டில் எரின் என்ற புயல் டெக்சாசில் கரை கடந்து வலுவிழந்த பிறகு, ஓக்லஹோமாவின் நனைந்த நிலத்துக்கு மேலே திரும்பவும் பலம் பெற்றது. வங்கக் கடலில் தோன்றி உள்நாட்டுக்குள் போகும் பருவமழைக் காலத் தாழ்வு மண்டலங்களிலும், மழையில் ஊறிய நிலம் இதே போலத் தீனி போடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆக, மாதிரி ஓடத் தொடங்கும் நேரத்தில் மண் ஈரம் சரியாக இருக்க வேண்டும். அதை எதை வைத்துத் திருத்துவது என்பதுதான் ஒரு கணிப்பு மையத்தின் முன் இருக்கும் தேர்வு. பணம் இதில் தடையே இல்லை; முக்கியமான தரவுகள் எல்லாமே இலவசம். ஆட்களின் உழைப்பும் கணினி நேரமும்தான் செலவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிகத் துல்லியமான செயற்கைக்கோள் எது என்று தேடுவது பாதி வழி தவறிய தேடல். நேரத்துக்கு வருகிறதா, பத்து வருடம் கழித்தும் வருமா, வந்ததை மாதிரிக்குள் எப்படி ஏற்றுகிறோம் என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

செயற்கைக்கோளே இல்லாமல்

முதலில் பழைய வழி. வானிலை நிலையங்கள் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கின்றன. மாதிரி அங்கே எதிர்பார்த்ததைவிடக் காற்று சூடாகவும் வறண்டும் இருந்தால், மண்ணில் நீர் குறைவு என்று ஊகித்து அதைக் குறைக்கலாம். பல மையங்கள் பல ஆண்டுகள் இப்படித்தான் ஓட்டின. இன்றும் இது அடித்தளமாக இருக்கிறது. கணிப்பும் மேம்படுகிறது, அதில் சந்தேகமில்லை.

சிக்கல் என்னவென்றால், காற்று சூடாக இருப்பதற்கு மண் மட்டுமே காரணமில்லை. மேலே இருந்த மேகத்தை மாதிரி தவறவிட்டது என்று வையுங்கள். மாதிரி 36 என்கிறது, நிலையம் 33 என்கிறது. திருத்தும் முறைக்கு மேகம் தெரியாது. மண்ணில் நீர் கூட இருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டு மண்ணை நனைத்துவிடும். இரண்டு நாள் கழித்து வானம் தெளியும்போது, இல்லாத அந்த நீர் ஆவியாகிக் காற்றைத் தவறாகக் குளிர்விக்கும். இன்றைய வெப்பநிலைக் கணிப்பு சரியாகிறது, மண் கெட்டுப்போகிறது. 2007-இல் ஐரோப்பிய மையத்தின் முறையை ஆய்வாளர்கள் த்ருஷும் விதெர்போவும் சோதித்தபோது கண்டது ஏறக்குறைய இதுதான்: வெப்பநிலைக் கணிப்பு முன்னேறியது, மண் ஈரத்தின் மதிப்பு முன்னேறவில்லை. ஓரிரு நாள் கணிப்புக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் மண்ணின் நினைவு வாரக் கணக்கில் நீள்வது. இரண்டு வாரம், ஒரு மாதம் என்று முன்னோக்கிப் பார்க்க நினைப்பவருக்கு இந்தக் கடன் வட்டியோடு திரும்பி வரும்.

இன்னொரு வழியும் உண்டு: மாதிரியின் சொந்த மழையை நம்பாமல், மழைமானிகளில் பதிவான மழையை வைத்து மாதிரியின் மண் பகுதியை மட்டும் தனியாக ஓட்டுவது. அமெரிக்காவின் உலகளாவிய மாதிரி 2021-இல் வந்த பதிப்பில் இந்த வழிக்கு மாறியது. மழைமானிகள் நெருக்கமாக இருக்கும் நாட்டில் இது நன்றாகவே வேலை செய்யும். அங்கே செயற்கைக்கோள் புதிதாகச் சொல்வதற்கு அதிகம் மிஞ்சாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மழைமானி அரிதாக உள்ள ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆசியாவிலும்தான் செயற்கைக்கோளின் மதிப்பு ஏறுகிறது.

காற்றை அளக்கப் போனது மண்ணையும் அளந்தது

ஆஸ்காட் என்ற ரேடார் கருவி ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் இருக்கிறது. முதலாவது 2006-இலும், அடுத்தவை 2012, 2018-இலும் ஏவப்பட்டன. கடல் மேல் காற்றின் வேகத்தை அளப்பதுதான் அதன் உண்மையான வேலை. 5.7 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. நிலத்தின் மேல் அதே அளவீட்டில் மண் ஈரமும் பதிகிறது. காரணம் எளிது. மின்புலத்துக்கு ஒரு பொருள் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் உலர்ந்த மண்ணுக்கு 3, 4 என்று இருக்கும், நீருக்கு 80. அதனால் நனைந்த மண் ரேடாருக்குப் பளிச்சென்று தெரிகிறது.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வோல்ப்காங் வாக்னரும் குழுவும் உருவாக்கிய முறை ஒரு சுலபமான யோசனையில் நிற்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பல ஆண்டுகளில் பதிவான மிக வறண்ட நிலை 0, மிக நனைந்த நிலை 100. இன்றைய அளவீடு இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே விழுகிறது என்பதுதான் பதில். மண் வகை, மேடு பள்ளம் என்று எதையும் தனியாகத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

குறைகள் பல. பார்ப்பது மேலே உள்ள 1, 2 செ.மீ. மட்டும். ஒரு புள்ளி சுமார் 25 கி.மீ. அகலம். காடு அடர்ந்தால் குருடு. பாலைவனத்தில் இன்னும் மோசம்: மண் நன்றாக உலர்ந்ததும் அலை உள்ளே ஊடுருவி அடியில் உள்ள கல்லில் மோதித் திரும்புவதால், காய்ந்த மணல் ஈரமாகத் தெரியும். சகாராவுக்கும் அரேபியாவுக்கும் இந்தத் தரவை அப்படியே ஏற்றினால் தலைகீழான விடைதான் கிடைக்கும்.

ஆனாலும் கணிப்பு மையங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் 2010-லிருந்தும், ஐரோப்பிய மையம் 2015-லிருந்தும் அன்றாடக் கணிப்பில் பயன்படுத்துகின்றன. பிரிட்டிஷ் மாதிரியைக் கொண்டு இயங்கும் நொய்டாவின் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையமும் நிலைய அளவீடுகளோடு ஆஸ்காட்டைச் சேர்த்துக்கொள்கிறது. அளந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தரவு கையில் இருக்கும் என்பது ஒரு காரணம். இது ஆய்வுக்காக ஒரு முறை ஏவிய கருவி இல்லை, வானிலைச் சேவைக்காகவே தொடர்ந்து ஏவப்படும் வரிசை என்பது அதைவிடப் பெரிய காரணம். 1991-இல் ஏவப்பட்ட ஈ.ஆர்.எஸ்.-1 காலத்திலிருந்தே இதே அலைவரிசைக் கருவிகள் பறக்கின்றன. அடுத்த தலைமுறை மெட்டாப்பிலும் இதன் வாரிசு உண்டு. ஒரு தரவை மாதிரிக்குள் ஏற்றும் நிரலை எழுதி, சோதித்து, அன்றாட ஓட்டத்தில் சேர்க்க ஆண்டுகள் பிடிக்கும். சேர்த்த மறு வருடம் செயற்கைக்கோள் செத்துப்போனால் எல்லாம் வீண்.

மண்ணுக்கென்றே ஏவப்பட்டவை

ஸ்மோஸ் 2009 நவம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவியது. ஸ்மாப் 2015 ஜனவரி 31-இல் நாசா ஏவியது. இரண்டும் எதையும் கீழே அனுப்புவதில்லை. தரை தானாக வெளியிடும் மெல்லிய நுண்ணலையை 21 செ.மீ. அலைநீளத்தில் கேட்கின்றன. ஈரம் கூடினால் அந்த ஒளிர்வு மங்கும். அலை நீளமாக இருப்பதால் பயிரையும் புதரையும் ஓரளவு தாண்டி, மேலே உள்ள 5 செ.மீ. மண்ணின் செய்தி வந்து சேரும். ஆஸ்காட்டைவிட இயற்பியல் ரீதியாக இது சந்தேகத்துக்கு இடமில்லாமல் மேல்.

நீண்ட அலையைக் கேட்கப் பெரிய ஆண்டெனா வேண்டும். ஸ்மோஸ் மூன்று கைகளில் 69 சிறிய வாங்கிகளை வைத்து, அவை சேர்ந்து ஒரே பெரிய ஆண்டெனா போல வேலை செய்யும்படி அமைத்தது. ஸ்மாப் 6 மீட்டர் வலை ஆண்டெனாவை விரித்து, நிமிடத்துக்கு 14-க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழற்றுகிறது. அப்படியும் ஒரு புள்ளி 40 கி.மீ. அளவில்தான். அதைச் சீராக்கத்தான் ஸ்மாப்பில் ஒரு ரேடாரும் வைத்தார்கள்; அது 2015 ஜூலை 7-இல் நின்றுபோனது. ஏவி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதன்பின் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் படங்களோடு இணைத்து நுணுக்கமான தரவு தயாரிக்கிறார்கள். ஆனால் இரண்டு செயற்கைக்கோள்களும் ஒரே இடத்தைச் சேர்ந்து பார்க்கும் நாட்கள் குறைவு.

துல்லியம்? ஸ்மாப்பின் இலக்கு ஒரு கன மீட்டர் மண்ணில் 40 லிட்டர் பிழைக்குள். 5 செ.மீ. அடுக்குக்கு மாற்றினால் 2 மி.மீ. நீர். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் செடி வேர்கள் உறிஞ்சுவது ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து. கால் பங்கு நீர் நிறைந்த மண் என்றால் அங்கே 250 மி.மீ. இருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளும் அதைப் பார்ப்பதில்லை. மேல் தோலைப் பார்த்து அடியை ஊகிக்கும் வேலையை மாதிரிதான் செய்ய வேண்டும். ஆகவே 1 செ.மீ. பார்ப்பதற்கும் 5 செ.மீ. பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், கணிப்பு என்ற கடைசிப் படியில் நாம் நினைப்பதைவிடச் சுருங்கிவிடுகிறது.

ஸ்மோஸா ஸ்மாப்பா என்று கேட்டால், மண்ணைப் படிக்க ஸ்மாப். காரணம் இரைச்சல். இரண்டும் கேட்கும் 21 செ.மீ. அலைவரிசை, விண்வெளி ஹைட்ரஜன் வெளியிடும் அலையை வானியலாளர்கள் கேட்பதற்காகச் சர்வதேச அளவில் பாதுகாக்கப்பட்டது. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது. ஸ்மோஸ் மேலே போய்ப் பார்த்தபோது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ரேடார்களும் சட்டவிரோத ஒலிபரப்பிகளும் காதைப் பிளந்துகொண்டிருந்தன. நாடு நாடாக எழுதிக் கேட்டு ஐரோப்பாவில் பலவற்றை அணைத்தார்கள். ஆசியாவில் தொல்லை தீரவில்லை. ஸ்மாப் அந்த அனுபவத்துக்குப் பின் வடிவமைக்கப்பட்டதால் இரைச்சலை இனம்கண்டு வெட்டும் வசதியோடு வந்தது. நம் பக்கத்து வானத்துக்கு இது முக்கியம்.

கணிப்பு மையத்தின் கண்ணால் பார்த்தால் நிலைமை மாறுகிறது. ஸ்மாப்பின் மண் ஈரம் 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பதே வடிவமைப்பு இலக்கு. வேர் ஆழம் வரை கணக்கிட்டுத் தரும் அதன் மேல்நிலைத் தரவு இன்னும் தாமதம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை புதிதாகத் தொடங்கும் மாதிரிக்கு நேற்றைய அளவீடு பழைய பேப்பர். ஸ்மோஸுக்கோ நான்கு மணி நேரத்துக்குள் கிடைக்கும் ஒரு தரவு ஓட்டம் இருக்கிறது. 2019-இல் ஐரோப்பிய மையம் ஸ்மோஸை அன்றாடக் கணிப்பில் சேர்த்ததற்கு அந்த வேகமும் உதவியது. இரண்டும் மூன்று வருட ஆயுளுக்கு ஏவப்பட்டு, பத்து வருடம் தாண்டியும் உழைத்தவை. இதே வகைக் கேட்கும் கருவியோடு ஐரோப்பா திட்டமிடும் சிமர் செயற்கைக்கோள்தான் அடுத்த நம்பிக்கை.

நுணுக்கப் படம் தரும் ரேடார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்டினல்-1, 2022-இல் இஸ்ரோ ஏவிய ஈ.ஓ.எஸ்.-04, 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் எல்லாம் வயல் அளவில் காட்டக்கூடியவை. ஆனால் நிசார் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள். ஒரு மழை பெய்து காய்ந்து முடிந்திருக்கும். பாசனத் திட்டமிடலுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் இவை தங்கம். நாளைய வானிலைக்கு இவற்றைத் தேர்ந்தெடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏற்றும் முறையில்தான் சூட்சுமம்

செயற்கைக்கோள் எண்ணும் மாதிரியின் எண்ணும் ஒரே மொழி பேசுவதில்லை. ஒன்று 2 செ.மீ. ஆழத்தையும் மற்றது 7 அல்லது 10 செ.மீ. அடுக்கையும் சொல்கின்றன. மண் பண்புகளும் வேறு. அதனால் செயற்கைக்கோள் தரவின் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் மாதிரியின் பழக்கத்துக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கிச் சரிக்கட்டிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். மிஞ்சுவது "வழக்கத்தைவிட ஈரமா, வறட்சியா" என்ற செய்தி மட்டும். ஐரோப்பிய மையம் ஸ்மோஸில் இன்னும் ஒரு படி போனது: ஸ்மோஸ் அளவீட்டிலிருந்து மண் ஈரத்தைக் கணிக்கும் நரம்பு வலையமைப்புக்கு (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நிரல்) மாதிரியின் மண் ஈரத்தையே பாடமாகக் கொடுத்தது. புத்திசாலித்தனம்தான். ஆனால் மாதிரி எப்போதுமே ஒரே பக்கம் தவறினால், அந்தத் தவறை இந்தப் பாதை கண்டுபிடிக்கவே முடியாது.

இது எங்கே வலிக்கும் என்பதற்கு பஞ்சாப் நல்ல உதாரணம். 2009-இல் வந்த நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கே நெல் நடவு ஜூனில்தான் தொடங்குகிறது. பருவமழை போய்ச் சேருவதோ ஜூன் கடைசியில். இடைப்பட்ட வாரங்களில் குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கான ஏக்கரை நனைக்கின்றன. பாசனம் என்ற ஒன்றே இல்லாத மாதிரிக்கு அது உச்சக் கோடையின் கட்டாந்தரை. செயற்கைக்கோள் "ஈரம்" என்று சரியாகச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் இதே வேறுபாடு வருவதால், மாத வாரியாகச் சரிக்கட்டும் முறை அதைக் கருவியின் பிழை என்று எண்ணி அழித்துவிடுகிறது. கருவி கண்ட உண்மையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். பகல் வெப்பம் கூடவும், ஈரப்பதம் குறையவும் கணிப்பு சாய்கிறது. வெப்ப அலை எச்சரிக்கைக்கு இது சின்னத் தவறு இல்லை. ஈரத்தோடு சேர்ந்த வெப்பம்தான் உடலுக்கு ஆபத்து.

இன்னொரு எச்சரிக்கை. 2012-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கிறிஸ்டோபர் டெய்லரின் குழு உலகெங்கும் செயற்கைக்கோள் தரவை வைத்துப் பார்த்தபோது, பிற்பகல் மழை சுற்றுப்புறத்தைவிடக் காய்ந்த மண்ணின் மேல்தான் அதிகம் தொடங்கியது. அப்போதைய பெரிய மாதிரிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டன. மாதிரியின் இடிமழைக் கணக்கு இப்படித் திரும்பியிருக்கும்போது சரியான மண் ஈரத்தைக் கொடுத்தால் மழைக் கணிப்பு கெடவும் கூடும். ஆகவே தேர்வின் பலனை முதலில் வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் சரிபாருங்கள், மழையில் அல்ல. வயலில் புதைத்த சில உணரிகளோடு எந்தச் செயற்கைக்கோள் நன்றாக ஒத்துப்போகிறது என்ற பட்டியலை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். கணிப்பு மாறியதா என்பதுதான் கேள்வி. வெளியான சோதனைகளில் அந்த மாற்றம் பெரும்பாலும் சிறியது, சில பகுதிகளில் பூஜ்யம். வெப்பமண்டலத்திலும் ஆஸ்திரேலியாவிலும் பலன் தெரிந்ததாக பிரிட்டிஷ் அலுவலகம் சொன்னது.

யாருக்கு எது

நிலையங்களும் மழைமானிகளும் நெருக்கமாக உள்ள நாட்டின் சிறிய மையம் என்றால், பதிவான மழையும் 2 மீட்டர் அளவீடும் போதும். செயற்கைக்கோளுக்கு ஆள் ஒதுக்குவதைவிட வேறு வேலை இருக்கும். உலகம் முழுவதற்கும் கணிக்கும் மையத்துக்கு நிலைய அளவீட்டோடு ஆஸ்காட் கட்டாயம், பாலைவனத் தரவை ஒதுக்கிவிட்டு. அதன் மேல் ஸ்மோஸ், நேரத்துக்கு வரும் வழி இருந்தால் ஸ்மாப். ஒன்றுக்குப் பதில் ஒன்று இல்லை. காலை 6 மணிக்கும் (ஸ்மோஸ், ஸ்மாப்) ஒன்பதரைக்கும் (ஆஸ்காட்) வெவ்வேறு அலைநீளத்தில் பார்க்கும் கண்கள் அவை.

தமிழகக் கடலோரத்துக்கு யாராவது இதே பதிலைக் கேட்டால் கொஞ்சம் தயங்குவேன். 40 கி.மீ. புள்ளியில் பாதி கடலாக இருந்தால் அது மண்ணின் செய்தியே இல்லை. டெல்டாவில் நடவுக் காலத்தில் தேங்கி நிற்கும் நீரும் இதே குழப்பத்தைக் கொடுக்கும். வடகிழக்குப் பருவமழையின் போக்கை நிலத்தைவிட வங்கக் கடல்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அங்கே தரை நிலையங்களைக் கூட்டுவது நல்லது.

கங்கைச் சமவெளிக்கு என்றால் வரிசை வேறு. முதலில் மாதிரிக்குள் பாசனத்தைச் சேர்க்க வேண்டும், எந்த மாவட்டத்தில் எந்த மாதம் நீர் பாய்கிறது என்ற தோராயமான கணக்காவது. அதற்கு அப்புறம் சரிக்கட்டும் முறையை மாத வாரியாக இல்லாமல் ஆண்டு முழுவதுக்கும் ஒன்றாக வைத்து, பருவ வித்தியாசம் உயிரோடு உள்ளே போகும்படி ஸ்மாப்பை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆஸ்காட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டாம். மே, ஜூன் மாதங்களின் பகல் வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் பிழை குறைகிறதா என்று இரண்டு கோடைகளுக்கு இணையாக ஓட்டிப் பார்த்துவிட்டு, குறைந்தால் அன்றாடக் கணிப்பில் சேர்த்துவிடலாம்.